செஞ்சிக்குப் புத்தகக் கடை எதற்கு என்பாருக்கு

செஞ்சி போன்றதொரு சிறு நகரத்துக்குத் தனியே ஒரு புத்தகக் கடை வேண்டுவதில்லை என்னும் அபிப்பிராயம் எழுத்தறியாத ஜனங்களிடத்தில் பிறந்ததன்று. ஊரார் மதிக்கும் ஆசிரியர், வக்கீல், உத்தியோகஸ்தர் முதலான கற்றோரிடத்திலேதான் அது ஆழ வேரூன்றி நிற்கிறது. அவர்களுடைய வாதம், கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். இந்த ஊரில் பாடநூலைத் தாண்டிப் படிப்பவர் மிகச் சிலர். அந்தச் சிலரும் கைப்பேசியில் விரலை வைத்தால் வேண்டிய புத்தகம் கழிவு விலையில் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. விலை கொடுத்து வாங்க இயலாதவருக்குச் சர்க்கார் நூலகம் இருக்கிறது. வேடிக்கையாகப் பார்த்து வாங்க விரும்புவோருக்கு விழுப்புரத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஆகவே, இத்தனைக்கும் மேலே ஒருவர் கடைத்தெருவில் வாடகைக்கு இடம் பிடித்து, கதையும் கவிதையும் சரித்திரமும் அடுக்கி வைத்துக்கொண்டு, ‘என்னிடம் வந்து வாங்குங்கள்’ என்பாரானால், அவர் கேட்பது வியாபாரமன்று, தர்மம் என்பது அவர்கள் முடிவு. இந்தப் பூர்வபக்ஷத்தில் ஒன்றிரண்டு உண்மைகள் கலந்திருப்பதனாலேயே அது வலுவுள்ளதாகக் காணப்படுகிறது; ஆயினும் அதன் ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியே எடுத்துப் பரிசீலிப்போமானால், அதன் அஸ்திவாரமே தவறான இடத்தில் போடப்பட்டிருப்பது விளங்கும்.

எத்தகைய கடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகமும் பேனாவும் பரீட்சைக் கைடும் விற்கும் கடைகள் எந்த ஊரிலும் உண்டு. ஜூன் மாதம் அவற்றின் வாசலில் நிற்க இடமிராது. அவற்றின் உபயோகத்தை நான் மறுக்கவில்லை. நான் குறிப்பிடுவது, ஊரிலேயே குடியிருக்கும் ஒருவர், எந்தப் பெரிய கம்பெனியின் கிளையாகவும் இல்லாமல், இன்ன நூல் இந்த ஊராருக்கு உகந்தது என்று தாமே ஆராய்ந்து தேர்ந்தெடுத்து, தம் சொந்தப் பொறுப்பில் வாங்கி வைத்து விற்கின்ற கடையை. தேர்ந்தெடுக்கும் அறிவும், நஷ்டத்தைத் தாமே ஏற்கும் துணிவும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருப்பதுதான் அத்தகைய கடையின் லக்ஷணம்.

இனி முதல் ஆக்ஷேபத்துக்கு வருவோம். செஞ்சியில் படிப்பவர் இல்லை என்று சொல்பவர்கள், தங்கள் ஊரின் சரித்திரத்தையே கவனியாமல் பேசுகிறார்கள். ஊருக்கு வடக்கேயுள்ள திருநாதர்குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் ஒரு பெரும்பாறையில் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராயும் அறிஞர்கள் அந்தச் சிறு கல்வெட்டைப் பெரும் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள். இப்பிரதேசத்தைச் சேர்ந்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களில் நயினார் எனப்படும் அச்சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுடைய சமயம் போற்றும் நால்வகைத் தானங்களில் உணவும் மருந்தும் அடைக்கலமும் மூன்று. நான்காவது சாஸ்திர தானம், அதாவது நூலைப் பிரதி செய்து பிறருக்கு அளிப்பது. பசித்தவனுக்குச் சோறிடுவதற்குச் சமமான புண்ணியமாக, நூலில்லாதவனுக்கு நூல் கொடுப்பதை வைத்த ஒரு சமூகம் நெடுங்காலம் வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு, இங்கே புத்தகத்துக்கு இடமில்லை என்று கூறுவது விநோதமான கூற்று.

அது பழங்காலத்துக் கதை என்று ஒதுக்குவார்களானால், அண்மைக்காலத்துச் சாட்சியம் ஒன்றும் இருக்கிறது. செஞ்சியின் பெயரைத் தமிழ்நாடெங்கும் பரப்பியவன் தேசிங்கு ராஜன் என்பதில் யாருக்கும் ஐயமிராது. ஆனால் சரித்திரத்தில் அவன் ஸ்தானம் எவ்வளவு? மொகலாயர் ஆட்சியில் செஞ்சியின் அதிகாரியாயிருந்த ஸ்வரூப் சிங்கின் மகன். தந்தைக்குப் பின் சில மாத காலமே கோட்டையை வைத்திருந்து, 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இளம் வயதிலேயே மாண்டவன். அவனுக்கு முன்னே 1677-இல் இக்கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜியும், இங்கிருந்துகொண்டு 1690-இல் தொடங்கிய மொகலாயப் பெரும்படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கிய அவர் மகன் ராஜாராமும் அரசியலில் அவனைவிடப் பன்மடங்கு பெரியவர்கள். ஆயினும் ஜனங்களின் நாவில் நிலைத்தவன் தேசிங்கே. காரணம் யாதெனில், அவனையும் அவன் தோழன் மோவுத்துக்காரனையும் நீலவேணிக் குதிரையையும் பற்றிய கதைப்பாடல், பெரிய எழுத்துப் பதிப்பாக அச்சாகி, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சாலையோரத்தில் சாக்கை விரித்து விற்றவர்களின் கையால் வீடு வீடாகச் சென்றதுதான். 1960-இல் ராஜா தேசிங்கு என்று சினிமாப் படம் எடுத்தவர்களுக்கும் கதை அந்த வழியாகவே கிடைத்தது. எனவே செஞ்சியின் கீர்த்தியில் ஒரு பெரும்பங்கு, பெயர் தெரியாத சின்னஞ்சிறு புத்தக வியாபாரிகள் இவ்வூருக்கு அளித்த கொடை. படிப்பவர் இல்லாத நாட்டில் அவர்கள் யாரிடம் விற்றார்கள்? ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்ட ஜனங்களிடத்தில்தான் விற்றார்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில்கூடப் புத்தகம் இருந்த காலம் அது.

அப்படியிருந்த வழக்கம் ஏன் குறைந்தது என்று கேட்டால், ஆசை குறைந்துவிட்டது என்பதே சட்டென்று வரும் விடை. நான் அதை ஒப்பவில்லை. புத்தகம் கண்ணில் படுவது குறைந்தது. ஆகவே ஆசை குறைந்தது. இதுவே என் கட்சியின் மூலாதாரம். வாசகர் பெருகினால் கடை தானே வரும் என்பது, நெல் விளைந்த பிறகு நாற்று விடலாம் என்பதைப் போன்றது. நெல் வியாபாரத்துக்குப் பேர்போன ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை உடைய இந்த ஊராருக்கு, நாற்றங்காலின் அவசியத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்னொரு காலத்தில் ரயில் நிலையந்தோறும் ஹிக்கின்பாதம்ஸ் கம்பெனியார் வைத்திருந்த புத்தக ஸ்டால்களில் வாங்கியவர்களுள், புத்தகம் வாங்க வேண்டுமென்ற எண்ணத்தோடு ரயில் நிலையத்துக்கு வந்தவர் யார்? வண்டிக்குக் காத்திருந்தவர் கண்ணில் புத்தகம் பட்டது, கையில் எடுத்தார், வாங்கினார், வாசகரானார். ரயிலே இன்னும் எட்டிப் பார்க்காத செஞ்சிக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. விற்பனைக்கூடத்தில் மூட்டைகளை எடை போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயியும், அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கச் செல்லும் வழியில் பஸ் மாறும் குடும்பமும், ஒரு நல்ல புத்தகத்தைக் கண்ணால் கண்டு ‘வேண்டாம்’ என்று சொன்னதை எவரேனும் பார்த்ததுண்டா? காட்டப்படாத பொருளை ஒருவர் நிராகரித்துவிட்டார் என்று தீர்ப்பளிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் வாழ்வோர் 7 கோடியே 21 லட்சம் பேர். ஒரு நல்ல தமிழ் நாவலுக்கோ கட்டுரைத் தொகுதிக்கோ முதற்பதிப்பாக ஆயிரம் பிரதி அச்சிடுவது நெடுங்கால வழக்கம். இப்பொழுது அதனினும் குறைத்து அச்சிடும் பதிப்பகத்தாரும் உண்டு. இதைக் கொண்டு தமிழரின் ரசனையைப் பழிப்பவர் பலர். ஆனால் தமிழ்நாட்டில் 300-க்கு மேற்பட்ட வட்டங்கள் இருக்கின்றன. வட்டத்துக்கு ஒரு நல்ல புத்தகக் கடை இருந்து, ஒரு நூலில் ஐந்தே பிரதி அக்கடையில் விற்குமானால், 1500 பிரதி செலவாகிவிடும். ஒரு வட்டம் முழுவதிலும் ஐந்து வாசகர் இரார் என்று சத்தியம் செய்ய யார் துணிவார்? குறை வாசகரிடத்தில் இருப்பதைக் காட்டிலும், வாசகனும் நூலும் சந்திக்கும் இடம் இல்லாமையிலேயே மிகுதியாக இருக்கிறது.

இரண்டாவது ஆக்ஷேபம், கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறது, அதுவும் மலிவாக என்பது. இதில் ஒரு பாதி மெய். இன்ன ஆசிரியர், இன்ன நூல், இன்ன பதிப்பு என்று முன்னமே அறிந்தவருக்கு அந்த ஏற்பாடு சௌகரியமானதே. ஆனால் அறியாத நூலை அது அறிவிக்குமா என்பதே கேள்வி. நேற்று வாங்கியதை வைத்துக்கொண்டு இன்று அதைப் போன்ற மற்றொன்றை அந்த யந்திரம் காட்டுகிறது. சோதிடம் வாங்கியவனுக்கு மேலும் சோதிடமும், பரீட்சை வழிகாட்டி வாங்கியவனுக்கு மேலும் பரீட்சை வழிகாட்டியுமே அதன் கண்ணாடியில் தெரியும். கடைக்காரரோ, கோட்டைச் சரித்திரம் கேட்டு வந்தவரிடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக்குறிப்பை எடுத்து நீட்டி, ‘1750-இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்த காலத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து இவர் எழுதியதைப் பாருங்கள், ஐயா’ என்று சொல்வார். ‘இதற்கு முன் இவருடைய அந்த நூலை வாசித்துவிட்டு வாருங்கள், இது பிறகு ஆகட்டும்’ என்று, கைக்கு வந்த வியாபாரத்தையே தள்ளிப் போடுவார். வாங்குவோனின் விருப்பத்துக்கு மறுப்புச் சொல்லும் உரிமையும் அறிவும் உடைய ஒருவரிடம் வாங்குவதில் உள்ள லாபம், பத்து சதவீதக் கழிவில் அடங்குவதன்று.

கழிவையே எடுத்துக்கொண்டாலும், அதன் உட்பொருளை ஆராய வேண்டும். தமிழ்ப் பதிப்பகத்தார் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு பெரும்பாலும் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முந்நூறு ரூபாய்ப் புத்தகத்தில் நூறு ரூபாய். அதிலே வாடகை, மின்சாரம், பார்சல் கூலி, வேலையாள் சம்பளம், விற்காமல் அலமாரியில் தங்கிப்போன புத்தகங்களில் முடங்கிய முதல் இவ்வளவும் அடங்க வேண்டும். பெரிய கம்பெனியாருக்கோ புத்தகத்தில் லாபம் வராவிட்டாலும் கவலையில்லை. சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசியிலும் அதை ஈடு செய்துகொள்வார்கள். ஆகவே, இவ்விருவரும் ஒரே களத்தில் சமமாகப் போட்டியிடுகிறார்கள் என்றும், வென்றவரே திறமைசாலி என்றும் சொல்வது நடுநிலைமையாகாது.

மூன்றாவது ஆக்ஷேபம், நூலகம் இருக்கிறதே என்பது. நூலகத்தின் பெருமையில் எனக்கு எவருக்கும் குறையாத மதிப்புண்டு. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணந்தான். 1948-இல் அது நிறைவேறியதற்குப் பின்னே, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பெருமுயற்சி இருந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஸ்தாபனத்தில் பாத்தியதை உண்டு. ஆனால் அதே ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. மாநிலம் முழுவதற்குமாகத் தலைநகரில் தேர்ந்தெடுக்கப்படும் நூல்களால் மட்டும் இவ்விரு விதிகளும் செஞ்சியில் நிறைவேறிவிடும் என்று ரங்கநாதனே ஒப்பியிரார். மேலும், பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நூல் வேறு, ஓரத்தில் கோடிட்டு, பத்து வருஷம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்து, மகளுக்கு விட்டுச் செல்லும் நூல் வேறு. இரவல் வாங்கிப் படித்து மனம் ஈடுபட்டவனே பிறகு சொந்தமாக வாங்குகிறான். சொந்தமாக வாங்கிப் பழகியவனே நூலகத்தில் இன்ன நூல் ஏன் இல்லை என்று உரிமையோடு கேட்கிறான். இவ்விரண்டும் போட்டி ஸ்தாபனங்கள் என்று கருதுவது மேலெழுந்தவாரியான பார்வை.

புத்தகத் திருவிழா என்னும் நான்காவது சமாதானத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. சென்னையில் 1977 முதல் நடந்து வரும் புத்தகக் காட்சியும், ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையார் 2005 முதல் நடத்தி வரும் திருவிழாவும், அவற்றைப் பின்பற்றி இன்று மாவட்டந்தோறும் சர்க்காரே நடத்தும் விழாக்களும் போற்றத்தக்க காரியங்களே. ஆயினும் வருஷத்தில் பத்து நாள் பந்தலில் கிடைப்பதை வைத்துக்கொண்டு மற்ற முந்நூற்றைம்பத்தைந்து நாளையும் போக்கிவிடலாம் என்று, அரிசி விஷயத்திலோ மருந்து விஷயத்திலோ எவரும் வாதிப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் திடீரென்று நட்சத்திரங்களைப் பற்றி அறிய ஆவல் பிறக்கிற மாலைப் பொழுது, விழாக் குழுவினர் தேதி குறிக்கும்வரையில் காத்திராது.

இனி, சிறிய ஊரால் இது நடவாது என்பாரின் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்கே பஸ்ஸில் ஏறினால் சென்றடையும் திருவண்ணாமலையிலே, வம்சி புக்ஸ் பதிப்பகமாகவும் புத்தக நிலையமாகவும் நடந்து, தமிழிலக்கிய உலகம் முழுவதும் அறிந்த பெயராயிற்று. கல்லூரி ஆசிரியராயிருந்த கவிஞர் மீரா, அன்னம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கித் தரமான நூல்களை வெளியிட்டது சென்னையிலன்று, சிவகங்கையில். சுந்தர ராமசாமி 1988-இல் காலச்சுவடு பத்திரிகையைத் தொடங்கியது நாகர்கோவிலில். கோயம்புத்தூர் பெரிய நகரமேயானாலும், அங்கே மு. வேலாயுதம் வளர்த்த விஜயா பதிப்பகம், வாசகர் வட்டம் ஒன்றை அமைத்துக் கி. ராஜநாராயணன் பெயரால் எழுத்தாளருக்கு விருது வழங்கும் அளவுக்கு உயர்ந்தது. ஊரிலே வேரூன்றிய புத்தகக் கடையால் ஓர் எழுத்தாளனுக்குத் துணை நிற்கவும் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

செஞ்சியாருக்கு மட்டும் பொருந்தும் மற்றொரு சான்றும் உண்டு. இக்கோட்டையை வெவ்வேறு காலத்தில் வைத்திருந்த அயலார் மூவரின் நாடுகளும் இன்று புத்தகத்தை எவ்விதம் பேணுகின்றன என்பதைப் பார்த்தால், நம்மவர் வாதத்தின் வறுமை தெளிவாகும். முதலாவது மராட்டியர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபையார் மராட்டிய ராணுவத் தலங்கள் என்ற பெயரில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, எஞ்சியது செஞ்சி. அந்தப் பதினொன்றில் ஒன்றான பிரதாப்கட் அமைந்திருக்கும் அதே சாதாரா ஜில்லாவில், பாஞ்சகணியை அடுத்த பிலார் என்னும் சிறு கிராமத்தை, அம்மாநில சர்க்கார் 2017-இல் புத்தகக் கிராமமாக்கியது. ஸ்ட்ராபெரி பயிரிடும் குடியானவர்கள் தங்கள் வீட்டு அறைகளையும் திண்ணைகளையும் மராத்திப் புத்தகங்களுக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர் அமர்ந்து படிக்கலாம். அங்கே நடப்பது விற்பனையன்று, வாசிப்பே; எனினும் கிராமத்தில் யார் படிப்பார்கள் என்று அங்கேயும் ஒருவர் கேட்டிருந்து, அந்தக் கேள்வியே முடிவாகியிருக்குமானால், பிலாரின் பெயரை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது, 1750 முதல் 1761 வரை செஞ்சியில் படை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர். அவர்கள் நாட்டில் 1981-ஆம் ஆண்டு கலாசார மந்திரி ஜாக் லாங் கொண்டுவந்த சட்டத்தின்படி, புதுப் புத்தகத்தை அச்சிட்ட விலையிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைத்து எவரும் விற்கலாகாது. பெருமுதலாளி விலையைக் குறைத்து மூலைக்கடையை மூடச் செய்தால், நாளடைவில் எந்த நூல் விற்க வேண்டும் என்பதையே அவன் தீர்மானிப்பான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பின்னர்த் தபாலில் அனுப்பும் கூலியைத் தள்ளுபடி செய்து பெருமுதலாளிகள் அந்தச் சட்டத்தை ஏய்க்க முயன்றபோது, 2023-இல் அதற்கும் குறைந்தபட்சக் கட்டணம் விதித்தார்கள். நம் நாட்டில் இத்தகைய சட்டம் எதுவும் இல்லை. ஆகவே சட்டம் செய்ய வேண்டியதை வாங்குவோரின் விவேகமே செய்தாக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, 1761-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கோட்டையைப் பெற்ற பிரிட்டிஷார். அவர்கள் நாட்டிலே, வேல்ஸ் எல்லையில், ஹே ஆன் வை என்று ஓர் ஊர்; அதுவும் கோட்டை ஊரே; அங்கே வாழ்வோர் சுமார் இரண்டாயிரம் பேர். 1962-இல் ரிச்சர்டு பூத் என்பவர் அங்கே பழைய புத்தகக் கடையொன்றைத் திறந்தார். கடை பலவாகி, பாழடைந்த கோட்டையையும் விலைக்கு வாங்கி அதிலும் புத்தகம் நிரப்பினார். 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று, விளையாட்டாகத் தம்மை அவ்வூரின் அரசராகவும் பிரகடனம் செய்துகொண்டார். 1988 முதல் அங்கே நடக்கும் இலக்கிய விழாவுக்கு உலகெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அந்த ஊரைக் காட்டிலும் செஞ்சி பன்மடங்கு பெரியது. அதே நாட்டில் எதிர்மறையான பாடமும் உண்டு. 1900 முதல் அங்கே நிலவிய நிலையான புத்தக விலை உடன்பாடு 1995-இல் குலைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தனிப்பட்ட புத்தகக் கடைகளில் ஏறக்குறையப் பாதி மறைந்தன. பின்னர் வாசகர்களே ஊர்க் கடையின் அருமையை உணர்ந்து திரும்பியதால் அவற்றின் தொகை மீண்டும் ஏறத் தொடங்கியது. எனவே கடை மூடுவதும் விதியன்று, பிழைப்பதும் அற்புதமன்று. இரண்டும் ஜனங்களின் நடத்தையைப் பொறுத்தவை.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவம் கிடைத்தபின் செஞ்சிக்கு வரும் யாத்திரிகர் பெருகுவார்கள், அவர்களுக்கு ஓட்டலும் சாலையும் கழிப்பிடமும் வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள், வேண்டியதுதான். ஆனால் கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியின் உச்சிவரை ஏறி, கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் வெங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் கண்டு இறங்குகிற ஒருவருக்கு, கண்டவற்றின் பொருளை விளக்க ஒரு நூல் வேண்டாமா? 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீநிவாஸாசாரியாரின் செஞ்சி வரலாறும், செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரமும், இப்பிரதேசத்திலுள்ள மண்டகப்பட்டுக் குகைக்கோயிலையும் பனைமலை ஓவியத்தையும் பற்றிய நூல்களும் வரிசையாக இருக்க வேண்டிய இடம் செஞ்சிக் கடைத்தெருவே. அந்த வரிசையைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள கடைக்காரர் சிரத்தையாக அமைப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதற்கு இந்த மண்ணின் மேல் பற்றுள்ளவர் வேண்டும்.

எஞ்சி நிற்பது, ஊர்க் கடையில் வாங்குவது தர்மம் செய்வதற்கொப்பானது என்னும் ஐந்தாவது குற்றச்சாட்டு. இதுவே எல்லாவற்றிலும் பொல்லாதது. ஏனெனில் இதைக் கேட்டுக் கேட்டு, கடைக்காரரே கூனிக் குறுகிப்போகிறார். தர்மம் என்பது கொடுத்தவனுக்குக் கைப்பொருள் குறைவது. புத்தகக் கடைக்குள் அரைமணி நேரம் நின்றவன் இழந்தது என்ன? பெற்றதைச் சொல்வேன்: மேலட்டையைப் பார்த்து ஏமாந்து, முன்னுரையைப் படித்துத் தெளிந்து, நடுப்பக்கத்தைத் திறந்து நின்றபடியே நான்கு பக்கம் படித்து, தேடி வந்ததை மறந்து தேடாததை வாங்கிக்கொண்டு போகிற சந்தோஷம், பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாத மனிதர், ‘அதை நான் படித்திருக்கிறேன், கடைசி அத்தியாயம் வரையில் பொறுமையாக இருங்கள்’ என்று சொல்வதைக் கேட்கிற சந்தோஷம், எதிர்க்கட்சிக்காரர் கையில் தமக்குப் பிடித்த ஆசிரியரின் நூலைக் கண்டு திகைக்கிற சந்தோஷம். ஜாதியும் கட்சியும் தனித்தனியே கூடுவதற்கு எல்லா ஊர்களிலும் இடமுண்டு. அவற்றை மறந்து இரண்டு பேர் ஒரு கவிதையைப் பற்றிச் சண்டையிட இடமுள்ள ஊர்கள் சிலவே. இந்த இன்பத்தைக் கூலியின்றிப் பெற்றுக்கொண்டு, விலை விசாரித்துவிட்டு, கடை வாசலில் நின்றே கைப்பேசியில் அதே நூலை வரவழைப்பவர், யார் யாருக்குத் தர்மம் செய்கிறார்கள் என்பதைத் தம் மனச்சாட்சியையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதனால், கடை என்று பெயர் வைத்தவரெல்லாம் ஆதரவுக்கு உரியர் என்பது என் கட்சியன்று. கடைக்காரருக்கும் கடமைகள் உண்டு. கேட்ட நூல் இல்லையென்றால் ‘இல்லை’ என்று கைவிரியாமல் வரவழைத்துக் கொடுக்க வேண்டும். சிறுவர் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தால் சீறாதிருக்க வேண்டும். பெண்கள் தயக்கமின்றி வந்து நிற்கத்தக்க இடமாக அது இருக்க வேண்டும். தாம் படியாததைப் புகழ்தலும், தமக்குப் பிடியாத கொள்கையுடைய நூலை ஒளித்தலும் கூடா. பதிப்பகத்தாருக்குக் கணக்கை நாணயமாகத் தீர்க்க வேண்டும். இவற்றில் தவறுகிற கடையை ஊரார் புறக்கணித்தால் அது நியாயமே. ஆனால் இவையனைத்தும் உடைய ஒரு கடை, வாங்குவாரின்றி மூடப்படுமானால் பழி ஊரைச் சாரும்.

ஆகவே செஞ்சியிலும் செஞ்சியைப் போன்ற வட்டத் தலைநகரங்களிலும் வாழும் வாசக அன்பர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் மிகச் சிறியது. அடுத்து வாங்க எண்ணியிருக்கும் நூலை ஊரிலுள்ள கடையில் கேளுங்கள். இல்லையெனில் தருவித்துத் தரச் சொல்லி நான்கு நாள் பொறுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கும் தலைமை ஆசிரியர்கள், பரிசுப் பணத்தை அந்தக் கடையில் செலவிட்டுப் புத்தகமாகக் கொடுக்கட்டும். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சிறு நூலையும் சேர்க்கும் நல்ல வழக்கம் தமிழ்நாட்டில் சில குடும்பங்களில் தொடங்கியிருக்கிறது. அதை மேற்கொள்பவர் ஊர்க் கடையிலேயே வாங்கட்டும். கடை வைக்கத் துணிவுள்ள இளைஞர் எவரேனும் இருந்தால், ‘யாரப்பா இங்கே படிப்பார்கள்’ என்று அவரை மடக்காமல், முதல் நாள் முதற்பிரதியை நீங்கள் வாங்குங்கள்.